15 வாசல் கணக்கு

திருப்பனந்தாளில் சாய்ந்த சிவலிங்கத்தை அரசனின் யானைகளால் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்ததும் நிமிர்ந்தது என்பது பெரியபுராணக் கதை. உதிரிபாகம் வாங்கித் தானே கணினி கோத்து, ஆப்பிள் சம்மதிக்காமலே அதன் மேக்ஓஎஸ்ஸை அதில் ஏற்றும் தம்பிமாருக்கும் கழுத்தில் கயிறுதான். ஆனால் யூஎஸ்பி கயிறு.

2015-இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பு முதல் மேக்ஓஎஸ்ஸில் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான் அனுமதி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் யூஎஸ்பி 3 துளையை மேக்ஓஎஸ் இரண்டாக எண்ணும்: பழைய வேகத்துக்கு ஒன்று, புது வேகத்துக்கு ஒன்று. உள்ளே ஒளிந்திருக்கும் புளூடூத்தும் ஓர் இடம் கேட்கும். கடைசியில் ரேஷன் கார்டில் பெயர் ஏறாத பிள்ளைபோல் ஏதோ ஒரு துளை நிற்கும். கீபோர்டு செருகியிருப்பது அதில்தான். பிறகென்ன, பென்டிரைவும் கையுமாகத் துளை துளையாகச் செருகி, எதை வைப்பது எதை வெட்டுவது என்று பட்டியல் போட வேண்டியதுதான்.

பட்டியல் முடிவதற்குள், இன்டெல் கணினிக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025-இல் ஆப்பிள் சொல்லிவிட்டது.

இத்தனை பாடும் எதற்கு? பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெல் கொள்முதல் டோக்கன் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க. பிரிண்டரும் யூஎஸ்பிதான்.