புதுச்சேரி வரலாறு எழுதுவோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களின் எல்லையில் ஒரு பலகை நிற்கும்: 'நிறுவப்பட்ட ஆண்டு' இன்னது என்று. அதற்கு முன்பு அந்த மண்ணில் விதைத்து, வேட்டையாடி, செத்துப் புதைந்த பூர்வகுடிகளெல்லாம் பலகைக்கு அடியில் கிடப்பார்கள். நமக்கும் அப்படியொரு பலகை வாய்த்திருக்கிறது: 1674, பிரான்சுவா மர்த்தேன். அதை நட்டுவைத்து ஊர் வரலாறு எழுதப் புறப்பட்டிருக்கும் அன்பர்களுக்குத் தேங்காய்த்திட்டிலிருந்து சில யோசனைகள்.

1674க்கு முன்னால் போகவே போகாதீர்கள். போனால் வம்பு. எங்கள் திட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலியப் பானை ஓடுகளும் கிடைத்தன. பிரான்சு என்ற பெயரே பிறக்காத காலத்தில் இந்தக் கரையில் ஏற்றுமதி இறக்குமதி நடந்திருக்கிறது என்றால் பலகையின் கதி என்ன ஆவது? ஆனாலும் பயப்பட வேண்டாம். அரிக்கமேட்டுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமாருக்காகக் கட்டிய மனையின் இடிந்த சுவர்தான். செல்ஃபிக்கு அது போதும். மண்ணுக்குள் கிடக்கிற மணி கோத்தவனை யார் கேட்டார்கள்?

அடுத்தது, பிரெஞ்சுக்காரன் பீரங்கியோடு வந்தான் என்று எழுதிவிடாதீர்கள். குருவாசான் தட்டோடும் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடும் வந்திறங்கினான் என்றே இருக்கட்டும். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று ஊரை இரண்டாக வகிர்ந்ததற்கு 'சீரிய நகரத் திட்டமிடல்' என்று பெயர் சூட்டுங்கள். 1748இல் டூப்ளே ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதித் தொலைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுங்கள். டூப்ளே கடற்கரையில் சிலையாக நிற்கிறார், அவர் மனம் புண்படக் கூடாது. நம் சனத்தைக் கப்பலேற்றி ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பியதைப் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று போடுங்கள். கருத்தரங்கும் கிடைக்கும், இரவு விருந்தும் கிடைக்கும்.

1936 ஜூலை 30ஆம் தேதியை மட்டும் மறந்துவிடுங்கள். எட்டு மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்களில் 12 பேரை அன்று சுட்டுக் கொன்றார்கள். மஞ்சள் சுவரில் அந்த நிறம் ஒட்டாது. அந்தக் காலத்து ரோடியர் மில், பிற்பாடு ஏ.எஃப்.டி. ஆகி, எங்கள் பக்கத்து முதலியார்பேட்டையில் 2020இல் இழுத்து மூடப்பட்டது. சுட்டவன் பிரெஞ்சுக்காரன், பூட்டுப் போட்டவன் நம்மவன்.

விடுதலைக் கதையை உணர்ச்சி பொங்க எழுதலாம். 1954 அக்டோபர் 18, கீழூர். வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேர 170, வேண்டாமென்று 8. ஒரு நாட்டின் தலையெழுத்தை ஒரு கல்யாணப் பந்தியில் அடங்கும் கூட்டம் தீர்மானித்தது. தேங்காய்த்திட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அன்றே மரபாகிவிட்டது. மரபைக் காப்பதில் நம் அரசுகளுக்கு நிகர் யார்?

1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கென்று அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல்லைக் கொட்டி இரண்டு அலைத்தடுப்புகள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்பு அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே தள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒழுங்காகச் செய்தவர்தான் இல்லை. கடற்கரையைக் கருங்கல்லால் நிரப்பி, அதற்கு விளக்கும் போட்டு, 'ராக் பீச்' என்று பெயர் வைத்து விற்றார்கள். பிறகு தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்குள் இரும்புக் கட்டமைப்பை இறக்கி, கொஞ்சம் மணலை வரவழைத்து அதற்கும் விழா எடுத்தார்கள். செயலகத்தின் சன்னலுக்கு மணல் வந்தால் கடலே திரும்பி வந்த மாதிரி. வடக்கே குப்பங்களில் வீட்டுச் சுவரைக் கடல் கடிப்பது அந்தச் சன்னலிலிருந்து தெரியாது.

இங்கே முகத்துவாரத்துக்கு வந்து பாருங்கள். மீனோடு திரும்பும் விசைப்படகு உள்ளே நுழைய முடியாமல் வெளியே நிற்கும். தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஐஸ் கரைகிறது, டீசல் எரிகிறது. பொறுக்காமல் நுழைந்தால் அடிப்பாகம் மணலில் தட்டும். பக்கவாட்டில் ஓர் அலை விழுந்தால் படகு சாயும். வாழ்நாள் கடன் இரண்டு துண்டாகக் கல்லில் கிடக்கும். உடனே மறியல் நடக்கும், அதிகாரி வருவார், தூர்வாரும் இயந்திரமும் வரும். அள்ளிய மணல் அடுத்த பருவத்துக்குள் திரும்பிவிடும்.

தூர்வாரக் காசில்லாத அரசுக்குத் திட்டம் போட மட்டும் காசுண்டு. 2006இல் இங்கே ஆழ்கடல் துறைமுகம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஆளைப் பிடித்தார்கள் என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், அரசின் தேர்வு செல்லும் என்று 2009இல் தீர்ப்பானது. தேர்வு செல்லுபடியாகிவிட்டது, துறைமுகம்தான் வரவில்லை. மீன்பிடிக்கிறவன் பேர் எந்தக் காகிதத்திலும் வராது. அவன் கால்பதித்த நிலத்தின் சர்வே எண் மட்டும் தவறாமல் வரும்.

ஆகவே, எழுதுகிறவர்களே, யோசனைகள் முடிந்தன. இனிச் சொல்வது கிண்டல் இல்லை. ரோமானியன் காலம் முதல் இந்த ஊர் பிழைத்தது இந்த ஆற்று வாயால். அந்த வாயில் மண்ணை அடைத்துவிட்டு வெள்ளையன் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவது வரலாறு அல்ல, வாடகை வசூல். முகத்துவாரத்து மணலை ஆண்டு முழுவதும் அள்ளி வடக்கே போடுங்கள். அதைச் செய்துவிட்டு, பலகையில் எந்த ஆண்டை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.