ஒரே வீட்டில் மூன்று யான்

கேள்வி: பழைய செக் திருச்சபைப் பதிவேடுகளில் ஒரே பெற்றோருக்கு இரண்டு, மூன்று 'யான்' பிறந்ததாகக் காணப்படுகிறதே, அங்கே பெயர்ப் பஞ்சமா?

பதில்: பஞ்சம் பெயருக்கு மட்டுமன்று, ஆயுளுக்கும்தான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் செக் நிலப்பகுதிகளான பொஹீமியா, மொராவியாவின் சிற்றூர்களில் கைக்குழந்தைகள் பெருமளவில் இறந்தமையால், தந்தையின் பெயரோ பாட்டனின் பெயரோ அற்றுப்போகக் கூடாதெனக் கருதிய குடும்பங்கள், மறைந்த குழந்தையின் பெயரையே அடுத்து வந்த குழந்தைக்குச் சூட்டின. அதுவும் மறைந்தால் மூன்றாவதற்கும் அதே பெயர்தான்.

பெயர்க் கிடங்கும் சிறியதே. புனிதர்களின் பெயரையே இட வேண்டுமெனக் கத்தோலிக்கத் திருச்சபை வலியுறுத்தியதால், யோசெஃப், வாட்ஸ்லாவ், அன்னா, மரியே போன்ற சில பெயர்களே ஊரெங்கும் சுழன்றன. நெப்போமுக் நகரத்து யான் 1729-இல் புனிதராக அறிவிக்கப்பட்டதும் யான்களின் கூட்டம் மேலும் பெருகியது. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரின் பெயரும் அடிக்கடி குழந்தைக்கு வந்து சேர்ந்தது; பெற்றோர் யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டிய தேவை, பாவம், அவர்களுக்கு வாய்க்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் செக் மொழியையும் பண்பாட்டையும் மீட்டெடுத்த தேசிய மறுமலர்ச்சி இயக்கமே யாரொஸ்லாவ், லிபுஷே போன்ற பழம் ஸ்லாவியப் பெயர்களைப் பரப்பி இந்த நெரிசலைச் சற்றுத் தளர்த்தியது.

ஆகவே, செக் மூதாதையைத் தேடும் வாசகர் முதலில் அகப்பட்ட யானையே கொள்ளுப்பாட்டனாக வரித்துக்கொள்ளாமல், இறப்புப் பதிவேட்டையும் பதிவுகளில் குறித்துள்ள வீட்டு எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.