கேட்டது கேள்வி, கொட்டினது பதில்

(மாசித் திருவிழா முடிந்து தேரும் நிலைக்கு வந்துவிட்டது. வாசகர் கடிதங்கள்தான் இன்னும் மேளம் கொட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த வாரம் முழுக்க மேளம்.)

கே: எங்கள் ஊர்த் திருவிழாவில் பம்பையை ஓரங்கட்டிவிட்டு நாசிக் டோல் இறக்கிவிட்டார்கள். மராட்டிய மேளத்துக்குச் செஞ்சிச் சீமையில் என்ன வேலை?
– பம்பைப் பித்தர், வளத்தி

ப: 1677-இல் சிவாஜி செஞ்சிக் கோட்டைக்குள் நுழைந்தபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவர் மகன் ராஜாராம் இங்கே உட்கார்ந்துதான் மராட்டிய அரசை நடத்தினார். சுல்பிகர் கானின் முகலாயப் படை வருஷக்கணக்கில் கோட்டையைச் சுற்றிக் கிடந்து, 1698-இல் ஒருவழியாகப் பிடித்தது. அப்புறம் ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். இத்தனை படையும் சத்தமே இல்லாமல் பூனைபோலவா வந்திருக்கும்? கோட்டையின் ராஜகிரிப் பாறை கேட்காத முரசு இருந்தால்தான் ஆச்சரியம். போதாக்குறைக்கு, 2025-இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பிடித்த ஒரே கோட்டை நம்முடையது. பெருமை மட்டும் கோட்டை ஏற வேண்டும், டோல் மட்டும் திண்டிவனத்தோடு திரும்பிப் போக வேண்டும் என்றால் எந்த ஊர் நியாயம்?

டோல் மீது எனக்கும் வருத்தம் உண்டு. அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதில் இல்லை. தொடங்கிய வேகத்திலேயே முடிக்கிறார்கள், நடுவில் மூச்சு விட இடமே இல்லை. அடிக்கிறவருக்கும் இல்லை, கேட்கிறவருக்கும் இல்லை.

கே: அமெரிக்காவில் மைதானம் நிறைய ஆட்களை நிறுத்தி மேளம் அடித்துக்கொண்டே கோலம் போடுகிறார்களே, யூடியூபில் பார்த்து அசந்துவிட்டேன். அது என்ன?
– மொபைல் ரசிகர், ஆலம்பூண்டி

ப: 'டிரம் கோர்' என்பார்கள். பட்டாளத்து பேண்டின் பேரப்பிள்ளை. ஒரு குழுவில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். பெரும்பாலும் பித்தளை ஊதுகருவி, மேளம், கொடி சுழற்றும் பிள்ளைகள்தான். புல்லாங்குழல், கிளாரினெட் வகையறாவுக்கு அனுமதி கிடையாது. கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத் தரையில் படுத்து எழுந்து, ஆகஸ்டில் இறுதிப் போட்டி ஆடுவார்கள். இதை இப்போது நடத்தும் 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி 1972-இல், விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது. சுமார் 22 வயதானால் கட்டாய ஓய்வு. நம் பம்பைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

காட்சி ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். யார் எந்த அடியில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் குறிப்பு வைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள். மொத்தம் நூறு மதிப்பெண்: ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, பார்வைக்கு 30, இசைக்கு 30. முடிந்ததும் ரசிகர்கள் கூடிக் கூடிச் சண்டை போடுவார்கள். "கதையே புரியல", "டிரஸ் சரியில்ல", "போன வருஷம்தான் நல்லா இருந்துச்சு". கடைசி வாக்கியம் மட்டும் எந்த நாட்டிலும் மாறாது போலிருக்கிறது.

கே: அவர்கள் போல நம் பம்பைக்கும் ஒரு வடிவமைப்பு உண்டா? இல்லை, கை போன போக்கா?
– சந்தேகப் பிராணி, மேல்மலையனூர்

ப: மேல்மலையனூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? அமாவாசை இரவில் ஊஞ்சலுக்கு முன்னால் நின்றதில்லையா நீங்கள்?

சரி, கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரியை, அதாவது இறந்து குடும்பத் தெய்வமான பெண்ணை, அழைக்கும் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு. ஆள் மூன்று பேர் இருந்தால் போதும். முதலில் பிள்ளையார். பிறகு அங்காளம்மன் வர்ணிப்பு, நிதானமாக. அப்புறம் இறந்துபோன அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி, உறவு சொல்லி, கொஞ்சி, கெஞ்சி, கொஞ்சம் அதட்டியும் கூப்பிடுவது. இதற்குள் பம்பைக்காரரின் கண் கூட்டத்தை அளந்துகொண்டிருக்கும். ஓரமாக நிற்கும் சித்தியின் தோள் லேசாகச் சிலிர்த்தால் போதும், அவர் பக்கம் திரும்பி இரண்டடி முன்னால் வைப்பார். அணிவகுப்பு என்று சொன்னால் அந்த இரண்டடிதான். அடி நெருங்கும், குரல் ஏறும், சித்தியின் கொண்டை அவிழும். உச்சத்துக்குப் போகும் என்று நாம் நினைக்கிற இடத்தில் சட்டென்று மேளத்தை நிறுத்திவிட்டு, "வந்திருக்கிறது யாரு?" என்பார்.

மேளம் நின்றால்தானே சாமி பேச முடியும்? அந்த நிசப்தத்துக்காகத்தான் அதற்கு முன் அடித்த அத்தனை அடியும். இதைவிடக் கறாரான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை. இசபெல் நபகோவ் என்ற மானிடவியலாளர் நம் பக்கத்துக் கிராமங்களில் பம்பைக்காரர்களோடு இருந்து, 2000-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நாம்தான் அவர்களை 'சவுண்டு பார்ட்டி' என்கிறோம்.

மதிப்பெண்? வந்தாளா, வரவில்லையா. 98.5 எல்லாம் கிடையாது.

கே: பம்பைக் குழுவுக்கும் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தால் எடுப்பாக இருக்குமே?
– தையல்காரர், அனந்தபுரம்

ப: பருத்தியில் தையுங்கள். அக்குளில் தாராளமாக விடுங்கள்.

கே: மச்சான் கல்யாணத்தில் கேரளச் செண்டை மேளம் வைத்தார்கள். இரண்டு நாளாகக் காது அடைப்பு. அதில் என்ன கலை இருக்கிறது?
– காது நொந்தவர், அவலூர்ப்பேட்டை

ப: கலை இருக்கிறது, உங்கள் மண்டபத்துக்குத்தான் வரவில்லை. திருச்சூர் பூரத்தில் வடக்குநாதர் கோயில் வளாகத்துக்குள் நடக்கும் இலஞ்சித்தற மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நிற்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். அங்கே அடிக்கும் பாண்டி மேளத்தின் கணக்கைக் கேளுங்கள்: ஒரு சுற்றுக்கு 56 அட்சரத்தில் அசைந்து அசைந்து தொடங்கி, 28 ஆகி, 14 ஆகி, கடைசியில் 7-க்கு வந்து நிற்கும். கோபுரம் மேலே போகப் போகக் குறுகுகிற மாதிரி. ஒவ்வொரு படியிலும் ரசிகர்கள் கையை வீசிக் கணக்குப் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். நம் மாப்பிள்ளை அழைப்புக்கு வருவது அந்த 7 மட்டும்தான். கீழ்ப்படி எதுவும் இல்லாமல் நேரே கலசத்தைத் தலையில் வைத்தால் காது அடைக்கத்தான் செய்யும்.

கே: பேண்டு செட் நம்முடையதா, வெள்ளைக்காரனுடையதா? டீக்கடையில் பந்தயம்.
– பந்தயக்காரர், நாட்டார்மங்கலம்

ப: இருவரும் தோற்றீர்கள். பெரிய டிரம்மையும் ஜால்ராவையும் ஐரோப்பியப் பட்டாளம் துருக்கி சுல்தானின் படை மேளத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பியரைப் பார்த்துத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் அரண்மனை பேண்டு வைத்துக்கொண்டார். முத்துசுவாமி தீட்சிதரே ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியிருக்கிறார். டீக்கு யார் காசு கொடுப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கல்லூரி விழாவில் பறை அடித்தால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எங்கள் ஊரில் அதே பறை தெருமுனையைத் தாண்டி வரக்கூடாது என்கிறார்கள். எது பண்பாடு?
– மாணவி, செஞ்சி

ப: இந்தக் கேள்விக்கு நகைச்சுவையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மகிழ்ச்சி. அதே ஆண்டில் சாவு வீட்டுக்கு வா என்று அதட்டலாகக் கூப்பிட்டு, கூலியைத் தரையில் வைத்துவிட்டுப் போகிற ஊர்களும் இருக்கின்றன. அடிக்க மாட்டேன் என்று பறையை இறக்கி வைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததும் கலையை மதிக்கிற காரியம்தான் என்பது என் கட்சி. நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது அடி, ஆட்டம், உடை என்று பிரித்துப் பேசுகிறோமே, கூலி எவ்வளவு, சாப்பாடு எந்தப் பந்தியில் என்பதையும் கூடச் சேர்த்துக் கேளுங்கள்.

கே: மலேசியாவில் இருக்கும் பேரன் உறுமி மேளக் குழுவில் சேர்ந்திருக்கிறானாம். படிப்பு கெட்டுவிடாதே?
– கவலைத் தாத்தா, தீவனூர்

ப: அங்கே உறுமிக் குழு என்றால் நம் கிரிக்கெட் டீம் மாதிரி. பெயர் பொறித்த சட்டை, போட்டி, ஆதரவாளர் கூட்டம், எல்லாம் உண்டு. பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அடிப்பதற்கு இடுப்பில் தெம்பு வேண்டும், கெட்ட பழக்கத்துக்கு நேரம் கிடைக்காது. பக்கத்துச் சிங்கப்பூரில் 1973-இல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கவே தடை போட்டார்கள், 2016-லிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார்கள். அடிக்க அனுமதி உள்ள ஊரில் பிறந்த பையன், அடித்துவிட்டுப் போகட்டும் தாத்தா.

கே: நம் தேசிங்கு ராஜன் கதையை வைத்து ஒரு மேளக் காட்சி அமைக்கச் சொன்னால் எப்படி அமைப்பீர்கள்?
– எம்.ஜி.ஆர். ரசிகர், சிங்கவரம்

ப: 1960-இல் உங்கள் தலைவர் படத்தில் நடித்தே முடித்துவிட்டாரே! இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். தேசிங்கின் 1714 போரை முழுக்க அடித்துக் காட்டமாட்டேன். கதைப்பாடலில் ஒரே ஒரு இடம் போதும்: நண்பன் மகமத்கானின் கல்யாணம், நடுவில் போருக்கு அழைப்பு, மாப்பிள்ளை அப்படியே கிளம்புகிறான். நிக்காஹ் மேளம் பாதி அடியில் நிற்க வேண்டும். பத்து எண்ணும் வரை ஒன்றும் கூடாது. பிறகு தூரத்தில், கோட்டையின் கிருஷ்ணகிரிக் குன்றுப் பக்கமிருந்து, ஒற்றை முரசு. அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் யாராவது விசிலடித்தால் கோட்டை அகழியில் தள்ளிவிடுவேன்.

கே: கடைசியாகச் சொல்லுங்கள். அடுத்த மாசிக்கு எதற்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்? டோலா, செண்டையா, பம்பையா?
– விழாக் கமிட்டிப் பொருளாளர், வல்லம்

ப: என் ஓட்டு பம்பைக்கு. ஐப்பசியிலேயே கொடுத்துவிடுங்கள், அமாவாசை நெருங்கினால் ஆள் கிடைக்காது. டோலும் வேண்டும் என்று இளவட்டங்கள் அடம்பிடித்தால் தேருக்குப் பின்னால் விடுங்கள், சாமி அழைக்கும்போது நிறுத்துவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு. ரசீதும் வாங்குங்கள், போன வருஷக் கணக்கையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாமே?