எலும்புக்கும் மூணு தரம்

ஏண்டா பேராண்டி, சாந்தோம் கோயில்ல தோமையார் கல்லறையைப் பார்த்துட்டு வந்து, "எலும்புத் துண்டுக்கு மெழுகுவத்தி ஏத்தறாங்க ஆயா"ன்னு ஆயாகிட்ட சொல்லிச் சிரிச்சியாமே? சிரி, சிரி. வாலாஜாபாத்துல ரயிலேறி மெட்ராஸ் பார்த்தவனுக்குச் சிரிப்பு சீக்கிரமா வரும்.

ஆனா அவங்க கணக்கு நம்ம ஜவுளிக் கணக்குதான். புனிதரோட எலும்புன்னா முதல் தரம். அவர் உடுத்தின துணி ரெண்டாம் தரம். எலும்பு மேல ஒத்தியெடுத்த துணி மூணாம் தரம். அதுக்கு ஆயர் முத்திரை, சான்றுக் கடுதாசி வேற. என்ன, நம்ம ஜரிகையைச் சுரண்டினா உள்ளே செகப்புப் பட்டு தெரியும். எலும்பை எங்கேடா சுரண்டறது?

1215-ல ரோம்ல பெரிய சபை கூடி, எலும்பை விலைக்கு விக்கக் கூடாது, புதுசா வந்ததைப் போப்பாண்டவர் ஒப்புக்காம வணங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. விக்கிறவனே இல்லாத சந்தைக்கா தடை போடுவாங்க?

தோமையாரையே எடுத்துக்கோ. கல்லறை மயிலாப்பூர்ல. எலும்பு 1258-ல இத்தாலி ஓர்ட்டோனாவுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. சரி போகட்டும்னு பார்த்தா, 1523-ல போர்ச்சுகீசியர் மயிலாப்பூர்ல தோண்டினப்போ இங்கேயும் எலும்பு கிடைச்சுது! போர்ச்சுகீசியருக்கு முன்னாடியே வந்துட்டுப் போன மார்க்கோ போலோ, சனங்க அந்த இடத்து மண்ணை எடுத்துப் போய்த் தண்ணியில கரைச்சுக் காய்ச்சல்காரனுக்குக் குடுக்கறதை எழுதி வச்சிருக்கார். எலும்பு எங்க போனா என்ன, மண்ணு நம்மூர்லதானே இருக்கு.

கோவா கதை இன்னும் ருசி. 1554-ல சவேரியார் உடம்பு வந்து இறங்கினப்போ, பாதத்தை முத்தமிடக் குனிஞ்ச ஒரு சீமாட்டி கால் விரலையே கடிச்சு எடுத்துக்கினு போயிட்டாங்களாம். பக்தின்னா அது! 1614-ல வலது முன்னங்கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினாங்க. அதே கோவாவுலதான் 1561-ல, போர்ச்சுகீசியர் யாழ்ப்பாணத்துல கொள்ளையடிச்ச புத்தர் பல்லை, பர்மாவோட பெகு ராஜா பெரும்பணம் தரேன்னு ஆளனுப்பியும் கேக்காம, உரல்ல போட்டு இடிச்சு, நெருப்புல போட்டு, ஆத்துல கரைச்சாங்க. தன் வீட்டு விரல் தங்கம், அசலூர்ப் பல்லு அடுப்புக்கரி. பல்லு போயிடுச்சா? கண்டிக்குப் போய்ப் பாரு, பேழைக்குள்ள பத்திரமா இருக்கு. இடிச்சது போலி, அசல் எங்ககிட்டன்னு அவங்க சொல்றாங்க. யார் வாயை மூடறது?

நீ மட்டும் யோக்கியமா? 2019-ல அத்தி வரதருக்குக் காஞ்சிபுரத்துல விடியறதுக்கு முன்னாடியே வரிசையில நின்னவன்தானே? அது மரத்திருமேனி, எலும்பு இல்லைதான். ஆனா அவர் வெளியே வர 40 வருஷம், சவேரியாரைக் கீழே இறக்க 10 வருஷம். அரிதா காட்டினாத்தான் கூட்டம்னு ரெண்டு ஊருக்கும் தெரியும்.

நம்ம வீட்டு விட்டத்துல மஞ்சத்துணியில கட்டித் தொங்குதே உன் கொள்ளுத்தாத்தாவோட தறி நாடா, வருஷாவருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஆயா இறக்கிப் பொட்டு வைக்கிறாளே, அதை மெட்ராஸ் வியாபாரிக்கு வித்துடலாம்னு கேட்டியாம். வேணாம்டா. அசலைக் கரையான் தின்னு ரொம்ப நாளாச்சு. இது நான் காஞ்சிபுரத்துல வாங்கி மாத்தி வச்சது. ஆயாகிட்ட மட்டும் சொல்லிடாதே.