முக்கால் மருத்துவர்

அக்டோபர் 10 உலக மனநல நாள். அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றுவார், கல்லூரிப் பிள்ளைகள் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு வெயிலில் ஊர்வலம் போவார்கள். எல்லா பேனரிலும் ஒரே உபதேசம்: மனம் விட்டுப் பேசுங்கள்.

பேசலாம். யாரிடம்? பட்டணத்துத் தனியார் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் அழ ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகிறது. சித்தாள் வேலைக்குப் போகிற பெண் அழுவதற்காகவே ஓவர்டைம் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். மாத்திரையும் தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2023-இல் எழுதிவைத்தது. முக்கால் மருத்துவர்! நீண்ட வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்கி வெளியே வந்தவரைக் கேளுங்கள்: விட்டுப்போன கால் பாகத்தில்தான் காது இருந்திருக்கிறது.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு சொல்கிறது. 2018-இல் அமலுக்கு வந்த சட்டத்தை மதிக்கச் சொல்லி, 2022-இல் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குக் கெடு வைக்க வேண்டியிருந்தது. மதித்தார்கள், அவர்கள் பாணியில். பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரம் கட்டிலில் படுத்தால்தான் பணம். நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் பைசா கிடையாது. ஆகவே மனச்சோர்வு வந்தவர்கள் அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் ஓடக் கூடாது. நன்றாக முற்றவிட்டு, ஸ்ட்ரெச்சரில் வர வேண்டும். கேட்டால் 'கண்டிஷன்ஸ் அப்ளை' என்பார்கள், பொடி எழுத்தில்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு தாய் தன் மகனைத் தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போனால், படித்தவர்களுக்குப் பொறுக்காது. மருத்துவர் கிடைக்காமல் அவள் தாயத்துக் கட்டினால் மூடநம்பிக்கை. மருத்துவர் இல்லாத ஊரில் நாம் பேனர் கட்டினால் விழிப்புணர்வு.

அப்படி ஒரு தர்கா ஊரான ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. ராத்திரி பகலாக அங்கேயே கிடந்தவர்கள். 24 மணி நேர விதிப்படி பார்த்தால் முழுத் தகுதி பெற்ற உள்நோயாளிகள். பாலிசிதான் எடுத்திருக்கவில்லை.