டேப்பும் கையுமாக

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். மகளுக்கு வரன் பார்த்தபோது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிவு சொன்னவர், நாய் சமையலறைக்குள் போகாமலிருக்க ஒரு கேட் வாங்குவதற்கு மட்டும் மூன்று மாதம் எடுத்துக்கொள்வார். எங்கள் மூன்றாவது மாடிக்காரர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது இன்ச் டேப்.

அவரிடம் ‘நாய்’ என்று சொல்லிவிடக் கூடாது. முகம் சுருங்கிவிடும். ‘சின்னவன்’ என்றுதான் சொல்லவேண்டும். சின்னவன் முப்பது கிலோ லாப்ரடார்.

“சின்னவனுக்கு வெங்காயம் ஆகாது சார், ரத்தத்தைக் கெடுத்துடும். திராட்சை கிட்னியைக் கெடுத்துடும்” என்பார். உண்மைதான். ஆனால் வெங்காயம் உருளாத சமையலறை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? ஆகவே கேட்.

முதலில் ஆசாரி வந்தார். தேக்கு நிலையைத் தட்டிப் பார்த்து, “நாலு ஸ்க்ரூ, அரை மணி நேர வேலை” என்றார். “வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கிற நிலையில ஓட்டை போடுவீங்களா?” என்று வீட்டம்மா உள்ளிருந்து கேட்டார். ஆசாரி காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மிஞ்சியது ஓட்டை போடாத ரகம். இரண்டு பக்கமும் ரப்பர் முனை வைத்த நான்கு போல்ட். திருகினால் நிலையை அழுத்திக்கொண்டு நிற்கும். இதற்கு அளவு பிசகக் கூடாது. அளந்தார். மேலே 79 செ.மீ., கீழே 77. பன்னிரண்டு வருஷம் அந்த நிலையைத் தாண்டிப் போய்க் காபி குடித்த மனிதருக்கு, நிலை கோணல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டடம் கட்டியவரிடம் தூக்குக்குண்டு இருந்ததா என்று ஒரு வாரம் விசாரணை நடந்தது.

பிறகு ஞானம் முற்றியது. காலை நடைக்கு வருகிறவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டவனுக்குப் பாடம்: “விரிச்சு மடக்குற மரத் தட்டி இருக்கே, அதை வாங்கவே கூடாது, சந்துல குட்டி தலையை விட்டுடும். சாதாரண கேட் 76 சென்டிமீட்டர். லாப்ரடாருக்குத் தோள் உயரம் 57, தாராளம். ராஜபாளையத்துக்கு அது கேட் இல்லை சார், வாசப்படி! போல்ட் அழுத்தி நிக்கிறதை மாடிப்படி மேல மட்டும் வெச்சுடாதீங்க, சாய்ஞ்சா ஆளையும் சேர்த்து உருட்டிடும்.” நான் தரைத்தளத்தில் இருப்பவன். தலையாட்டினேன்.

கேட் வந்தது. நிறுத்திப் பார்த்தால் தாழ்ப்பாள் சேரும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி. “கோணல்மாணலா அனுப்பிட்டு…” என்று கடைக்காரரைப் போனில் பிடித்துக் கால்மணி நேரம் வாங்கினார். கல்லூரியில் படிக்கும் மகன் கூடவந்த தாளைப் படித்தான். கேட்டைச் செய்வதே அப்படித்தானாம். போல்ட்டை இறுக்க இறுக்க இடைவெளி தானே மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. அவர் வாயும்.

இந்த ரக கேட்டுக்கு அடியில் ஒரு கம்பி குறுக்கே ஓடும், ஓர் அங்குல உயரத்துக்கு. திறந்திருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். முதலில் இடறியவர் அவர்; கையில் ரசம். தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளியபடியே மேலே தூக்கவேண்டும். எண்பத்திரண்டு வயது அம்மாவுக்கு அந்த வித்தை பிடிபடவில்லை. “ஊர்ல படல் கட்டியிருந்தோம். ஆடு தாண்டாது, நான் திறப்பேன்” என்று ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டார். சமையல் செய்யும் அக்கா பாத்திரமும் கையுமாக நின்று, “சார், கேட்டு!” என்று குரல் கொடுப்பார். ஐம்பது பேர் எழுந்து நின்று வணக்கம் வைத்த மேனேஜர் ஓடிவந்து திறந்துவிடுவார்.

சின்னவன்? முதல் நாள் ஒருமுறை மோந்து பார்த்தான். அப்புறம் அந்தக் கம்பி மேலேயே தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். அவர் உள்ளே நின்று, வீட்டம்மா பார்க்காத நேரத்தில், கம்பிச் சந்து வழியாகத் தோசை கொடுக்கிறார்.

நேற்று லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். சின்னவன் இரண்டு நாளாகப் பூஜையறைப் பக்கம் பார்க்கிறானாம்.

“உங்க பூஜையறை வாசல் எத்தனை சென்டிமீட்டர் சார்? ஒரு ஐடியாவுக்குத்தான்.”

பதில் சொல்வதற்குள் டேப்பை இழுத்துவிட்டார்.