ஈர்க்குச்சிக்கு மசியும் போன்

2009இல் வந்த நோக்கியா என்97ஐ உலகமே எடைபோட்டு முடித்துவிட்டது. காரைக்கால் பக்கத்துச் சுரக்குடி டீக்கடை பெஞ்சுதான் பாக்கி. இப்போது உட்கார்ந்து பார்த்தால்?

திரையைத் தள்ளினால் ஈசிசேரில் சாய்ந்த மாமனார் மாதிரி சாய்வாக நிற்கிறது. அடியில் மூன்றே வரிசை எழுத்துகள். நடுவில் வீற்றிருக்க வேண்டிய ஸ்பேஸ் பாரை வலது பக்கமாக ஒதுக்கியிருக்கிறார்கள். சம்பந்தியைப் பந்தியின் கடைசி இலையில் உட்கார வைத்த கதை.

திரை, தடவினால் மசியாது, அழுத்த வேண்டும். 2007லேயே ஐபோன் தடவலுக்கு மயங்கியதால் இதைக் கேலி செய்தார்கள். நம் ஊர்க் கணக்கு வேறு. அழுத்தம் போதும் என்பதால் நகமும் ஆகும், ஈர்க்குச்சியும் ஆகும். நடவுக்குப் போய்ச் சேறு காயாத விரலையும் இது கோபிக்காது.

சேமிப்பு 32 ஜிபி. ஆனால் போனின் சொந்த நினைவகம் சட்டென்று நிரம்பிவிடும். பத்தாயம் காலியாகக் கிடக்க, உலைப்பானை பொங்கி வழிகிறது. நோக்கியாவின் மூத்த நிர்வாகி ஆன்சி வன்யோக்கியே பின்னாளில் இது பெரிய ஏமாற்றம் என்று ஒப்புக்கொண்டார்.

பெஞ்சிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "டார்ச் இருக்கா தம்பி?"

இருக்கிறது, இரட்டை விளக்கு. காமிராவுக்காம்.

"அப்ப டார்ச் வெச்ச பழைய நோக்கியா 1100ஏ இருக்கட்டும்."